26 அங்குலப் படிக்கட்டு: பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நாய்த் தேர்வு

என் பழைய குறிப்பேட்டில் 2019 டிசம்பர் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: "கூடம் 10க்கு 11. படி 14. அகலம் 26 அங்குலம். நடுவில் திருப்பம். டேன் வேண்டாம்." நாயே இல்லாத வீட்டுக்குப் போய் ஒரு கால்நடை மருத்துவர் எழுதிவைத்த குறிப்பு இது. எழுதியிருப்பதில் தவறு ஒன்றும் இல்லை. எழுதாமல் விட்ட ஒன்று நான்கு ஆண்டு கழித்து என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. குடும்பத்தாரின் சம்மதத்தோடு, பெயர்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

வந்தவர்களும் வந்த காரணமும்

தந்தை துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் கணக்கர். தாய்க்கு வீட்டிலேயே தையல் வேலை. மகனுக்கு அப்போது 22 வயது. மகள் பிளஸ் டூ. தந்தையைப் பெற்றவருக்கு 68. பேரப்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அந்தச் சந்துக்கே அவர் ஆயா. அந்த ஐப்பசியில் வாசலில் நிறுத்தியிருந்த பைக்கின் பேட்டரி முதலில் களவு போனது; பத்து நாள் கழித்துத் தண்ணீர் மோட்டாரும் போனது. நாய் வேண்டும் என்பதில் வீட்டில் மறுபேச்சு இல்லை. எந்த நாய் என்பதில்தான் சண்டை.

மகனுக்குக் கிரேட் டேன் என்ற பேருருவ நாய் வேண்டும். நண்பன் வீட்டில் பார்த்திருக்கிறான். குட்டியின் படம் செல்பேசியில் தயாராக இருந்தது, முன்பணம் மட்டும்தான் பாக்கி. மகள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: பக், ஷிட்சூ, பாமரேனியன், டாஷ்ஹண்ட். "டாக்டரம்மா, நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அதுதான்" என்று தந்தை பொறுப்பை என் தலையில் இறக்கி வைத்தார்.

எங்கள் பக்கம் இப்படி யாரும் முன்கூட்டி வந்து கேட்பதில்லை. பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டைப்பெட்டியில் வாங்கி, செவ்வாய்க்கிழமை பார்வோ வைரஸ் வயிற்றுப்போக்கோடு தூக்கிக்கொண்டு ஓடிவருவதுதான் வழக்கம். வாங்குவதற்கு முன்பே கேட்க ஒரு குடும்பம் வந்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சியில், வீட்டையே வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு காலை இஞ்சு டேப்போடு போனேன்.

வீடு

பழைய வண்ணாரப்பேட்டையின் உள்சந்துகளில் வீட்டின் முகப்பு பத்தடி இருந்தாலே பெரிது. கீழே கூடம், சமையலறை. மாடியில் இரண்டு அறை. அதற்கு மேல் மொட்டை மாடி. தையல் இயந்திரம், பீரோ, கட்டில் போக, கூடத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம் மிஞ்சும். மாடிக்கு 14 படி. எட்டாவது படியில் சுவரை ஒட்டி ஒரு திருப்பம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும்.

அந்தப் படியைப் பார்த்ததும் எனக்கு 2017 கோடை நினைவுக்கு வந்தது. தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி வீடு. ஐந்து வயது ஆண் டேன், 58 கிலோ. இரவு பத்தரைக்கு அழைப்பு: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகிறது, வாந்தி எடுக்கப் பார்க்கிறது, எதுவும் வரவில்லை, எச்சில் ஒழுகுகிறது, வயிறு பறை மாதிரி இறுகிவிட்டது. ஆழ்ந்த மார்புக்கூடு உள்ள பெரிய நாய்களுக்கு வரும் இரைப்பை முறுக்கு அது. வாயு நிரம்பிய இரைப்பை தன் அச்சிலேயே திரும்பி, இரு வாயும் அடைத்துக்கொள்ளும். இரத்த ஓட்டம் நின்று இரைப்பைச் சுவர் கறுக்கத் தொடங்கும். இங்கே நேரம்தான் மருந்து. நாய் எழவில்லை. போர்வையில் கிடத்தி நான்கு பேர் தூக்கினார்கள். முதல் திருப்பத்தில் போர்வை சிக்கியது. மூவர் முன்னே போக முடியவில்லை, ஒருவரால் பின்னே தாங்க முடியவில்லை. தெருவுக்கு இறக்கவே நாற்பது நிமிடம். ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். கடைசியில் மீன் ஏற்றும் டாடா ஏஸ் ஒன்று கிடைத்தது. குட்டி யானை என்று ஊரே கூப்பிடும் வண்டியில் அந்த நாய் போய்ச் சேர்ந்தது. மேஜையில் ஏற்றும்போது உயிர் இல்லை.

டேன்களில் வாழ்நாளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இந்த முறுக்குக்கு ஆளாகின்றன என்பது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் கண்ட கணக்கு. தட்டை உயரமான தாங்கியில் வைத்து ஊட்டினால் முறுக்கு வராது என்று கடைகளில் சொல்லி விற்கிறார்கள். அதே ஆய்வு அதற்கு நேர்மாறாக, தாங்கியில் உண்ட பெரிய நாய்களுக்கு ஆபத்து கூடுதல் என்றது. இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு முன்கூட்டியே தைத்துவிடும் அறுவை உண்டு. அதைச் செய்தால் முறுக்கை ஏறக்குறைய முழுதாகத் தடுக்கலாம். ஆனால் பெரிய நாய் வாங்க வருகிறவர்களிடம் அதைச் சொன்னால், குட்டி வாங்கும் முன்பே அறுவையா என்று முகம் சுளிப்பார்கள்.

டேனின் கணக்கு

மகனிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாயின் தீனி எடைக்கு நேர் விகிதத்தில் ஏறாது. எடையின் முக்கால் அடுக்கில், அதாவது எடையைவிட மெதுவாக ஏறும். 60 கிலோ டேனுக்கு நாளொன்றுக்குக் குத்துமதிப்பாக 2,400 கலோரி. 9 கிலோ டாஷ்ஹண்டுக்கு 580. உலர் தீனியாகப் பார்த்தால் மாதம் 20 கிலோ ஒரு பக்கம், 5 கிலோ மறுபக்கம். எடை ஏறக்குறைய ஏழு மடங்கு, தீனி நான்கு மடங்கு. "அப்படியானால் பெரிய நாய்தானே லாபம்?" என்றான் பையன். கணக்குத் தெரிந்தவன் மகன்! ஆனால் மருந்து அப்படி இல்லை. பூச்சி மாத்திரை பத்து கிலோவுக்கு ஒன்று, டேனுக்கு ஆறு. மயக்க மருந்தும் உண்ணிக்காய்ச்சல் மாத்திரையும் எடையைப் பார்த்தே. வெறிநோய்த் தடுப்பூசி ஒன்றுதான் இரண்டுக்கும் அதே 1 மில்லி.

பிறகு ஆயுள். டேன் ஏழு முதல் பத்து ஆண்டு. டாஷ்ஹண்ட் பன்னிரண்டுக்கு மேல், பதினைந்தையும் எட்டும். விலங்குகளில் பொதுவாக யானைக்கு நீண்ட ஆயுள், எலிக்குக் குறுகிய ஆயுள். நாய் இனத்துக்குள் மட்டும் இது தலைகீழ்: உருவம் பெருக்கப் பெருக்க மூப்பு முந்திக்கொள்ளும். சிறிய இனங்களின் உருவத்தைத் தீர்மானிப்பதில் ஐ.ஜி.எஃப்.1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 2007இல் தெரியவந்தது. ஒன்றரை ஆண்டில் அரைக் கிலோவிலிருந்து அறுபது கிலோவுக்குப் போகிற உடல் அந்த வேகத்துக்கு விலை கொடுக்கிறது: விரிந்த இதயம், எலும்புப் புற்று, கழுத்துத் தண்டுவட நெருக்கம். வளரும் டேன் குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றி எலும்பைக் கோணலாக்கிக் கொண்டுவருபவர்கள் தனி.

இவற்றில் எதுவும் பையனை அசைக்கவில்லை. திருடன் வந்தால்? என்றான். டேன் பெரும்பாலும் சாது. திருடனுக்கு அதன் உருவம்தான் பயம், பல் அல்ல. சந்துக்குள் யாராவது கால் வைத்தால் குரைக்க ஒரு நாய் போதும். அதற்கு 60 கிலோ தேவையில்லை. கடைசியாக, ஆயா ஒரு கேள்வி கேட்டார். "இவன் வேலைக்குப் போய்விடுவான். நாய்க்கு முடியாமல் போனால் நானும் மருமகளும் எப்படித் தூக்குவோம்?" பையன் பேசவில்லை. நான் 2017 இரவைச் சொன்னேன். டேன் அதோடு முடிந்தது.

ராஜபாளையமா, சிப்பிப்பாறையா என்று தந்தை இடையில் கேட்டார். ஓடுவதற்குப் பிறந்த நாயைப் பத்தடிக் கூடத்தில் கட்டிப்போடுவது எனக்கு ஒப்பவில்லை. நான் சொல்லிப் பார்த்தது தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி. பதினைந்து இருபது கிலோ, சென்னை வெயிலுக்குப் பழகிய தோல், நீண்ட முகம், நேர்க்கால். "தெருவெல்லாம் அதுதானே இருக்கிறது, அதை எதற்கு வீட்டுக்குள்?" என்றார் தாய். இந்த ஒரு வாக்கியத்தை என் பணிக்காலம் முழுவதும் கேட்டுவருகிறேன். அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சின்ன நாய்: நான் சறுக்கிய இடம்

பெரியதைத் தள்ளுவதற்கு ஒரு காலை முழுவதும் செலவழித்த நான், சிறியதைத் தேர்ந்தெடுக்க இருபது நிமிடம்தான் எடுத்துக்கொண்டேன். பக் வேண்டாம்: நாய் வியர்வையால் அல்ல, இளைப்பால் உடலைக் குளிர்விக்கிறது; சப்பை மூக்கு நாய் கத்திரி வெயிலில், கடற்காற்றின் ஈரப்பதத்தில் அதற்கே திணறும். ஷிட்சூவின் முடியைத் தினமும் சீவ ஆளில்லை. பாமரேனியன் என்று நம் ஊரில் எல்லோரும் கூப்பிடும் இந்தியன் ஸ்பிட்ஸ் எனக்குச் சரியாகப் பட்டது. "முடி சோற்றில் விழும்" என்று ஆயா ஒரே வரியில் அதை முடித்துவிட்டார். மிஞ்சியது டாஷ்ஹண்ட். குட்டை முடி, கச்சிதமான உடல், உருவத்துக்குப் பொருந்தாத கனத்த குரல். கண்ணை மூடிக் கேட்டால் அல்சேஷன் என்றே தோன்றும். திருட்டுப் பிரச்சினைக்கு அதுவே பதில். எல்லோருக்கும் சம்மதம். எனக்கும்.

டாஷ்ஹண்ட் ஜெர்மனியில் பேட்ஜர் என்ற வளைக்கரடியைப் பொந்துக்குள் விரட்டப் பிறந்த இனம். அந்தக் குட்டைக்கால் ஒரு மரபணு நகலின் வேலை என்பது 2009இல் தெரிந்தது. அதன் உறவுக்கார நகல் ஒன்று முதுகெலும்பு வட்டுகளையும் கெடுக்கிறது என்பது 2017இல். எலும்புகளுக்கு நடுவே மெத்தையாக இருக்க வேண்டிய வட்டின் கூழ், ஒரு வயது நிறைவதற்குள்ளேயே காய்ந்து சுண்ணாம்பாகத் தொடங்கிவிடும். ஒருநாள் அது பிதுங்கித் தண்டுவடத்தில் முட்டும். டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்றுக்கு இது வரும். பெரும்பாலும் நான்கு வயதை ஒட்டி. இது எதுவும் எனக்குத் தெரியாதது அல்ல. அன்று அந்த வீட்டில் நின்றபோது அது என் நினைவுக்கே வரவில்லை. என் கண்ணில் இருந்தது 58 கிலோவைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தில் சிக்கி நின்ற நான்கு பேர் மட்டும். அதனால்தான் டேப்பைப் படியின் குறுக்கே வைத்தேன், செங்குத்தாக வைக்கவில்லை.

ஆயா ஒன்று கேட்டார், அதற்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. "பதினைந்து வருஷம் இருக்கும் என்கிறீர்களே டாக்டரம்மா, அதுவரை நான் இருப்பேனா?"

2020 ஜனவரியில் இரண்டு மாதக் குட்டி வந்தது. மணி என்று பெயர் வைத்தார்கள். தடுப்பூசி, மாநகராட்சி உரிமம் எல்லாம் முறையாக. மார்ச்சில் ஊரடங்கு. தெருநடை நின்றது. மாலையில் குடும்பமே மொட்டை மாடிக்குப் போகும். மணியும் பின்னாலேயே ஏறும், இறங்கும். கீழே ஆயா, சமையலறையில் நெத்திலி வறுவல், மாலையில் மாரி பிஸ்கட், இரவு தயிர்ச்சோறு. அடுத்த ஆண்டு தடுப்பூசிக்கு வந்தபோது 11 கிலோ. நான் திட்டினேன், ஆயா சிரித்தார். 2023இல் 12.4.

2023 டிசம்பர்

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் பல இடங்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. அந்தச் சந்தில் முழங்காலளவு, கூடத்துக்குள்ளும் புகுந்தது. குடும்பம் மாடிக்கு ஏறியது. மூன்றாம் நாள் ஆயாவின் இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து, எல்லோரும் பெரம்பூரில் மகள்வழி உறவினர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மணியை எப்படிக் கொண்டுபோனார்கள் தெரியுமா? ஆயாவின் ஒயர் கூடையில். அடியில் பழைய துண்டு, மேலே மூக்கு மட்டும் வெளியே. பேத்தி தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்திருக்கிறாள். அந்தப் படம் எனக்கும் வந்தது. டேனாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்து, நான்கு ஆண்டுக்கு முன் சொன்னது சரிதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து வீடு திரும்பினார்கள். சேறு கழுவி, சாமான்களை மாடிக்கும் கீழுக்குமாக மாற்றிய வாரம். வீட்டில் ஒருவர் இறங்கினால் மணி இறங்கும், ஏறினால் ஏறும். ஈரப்படி. மறுநாள் காலை மணி எழவில்லை. முதுகு வில்லாக வளைந்திருந்தது; தொட்டால் அலறியது; பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு சரிந்தன. மகன் அதே கூடையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

பாதத்தின் மேல்புறம் தரையில் படும்படி மடித்து வைத்தேன். வலப்பின்னங்கால் அப்படியே மடிந்து நின்றது, தன் கால் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியவில்லை. விரலை இடுக்கியால் அழுத்தினேன். திரும்பிப் பார்த்துக் கத்தியது. அந்தக் கத்தலைப் போல இனிமையானது அன்று எனக்கு வேறொன்றும் இல்லை: ஆழ்ந்த வலியுணர்வு இருந்தால் மீள வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டு வட்டுகள் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து தெரிந்தன. தண்டுவடம் எக்ஸ்ரேயில் தெரியாது. மேல்கருத்துக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். 1903இலிருந்து இருக்கும் இடம். வடசென்னைக்காரர்களுக்கு நாய் ஆஸ்பத்திரி என்றால் அதுதான். கால்களில் அசைவு மிச்சம் இருந்ததால் அறுவை இப்போது வேண்டாம், கூண்டு ஓய்வு பார்க்கலாம், மோசமானால் உடனே வாருங்கள் என்றார்கள்.

கூண்டு ஓய்வு என்று சொல்வது எளிது. ஆறு வாரம், நாய் நிமிர்ந்து திரும்பும் அளவு இடம், சிறுநீருக்கு மட்டும் அடிவயிற்றில் துண்டு கொடுத்துத் தாங்கி வெளியே. வீக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் மருந்து. மூத்திரப்பை நிறைந்து கிடக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்ப்பது. இதையெல்லாம் செய்தவர் ஆயா. நெத்திலி நின்றது. பிஸ்கட் நின்றது என்று சொன்னார். நான் நம்பினேன் என்று சொன்னேன். மூன்றாம் வாரம் எழுந்து நின்றது. ஏழாம் வாரம் நடந்தது. வேகமாகத் திரும்பும்போது வலப்பின்னங்கால் இன்றும் கொஞ்சம் இழுக்கிறது. எட்டு மாதத்தில் எடை 9.6க்கு வந்தது.

மறுபடியும் டேப்

கூண்டு ஓய்வு நடந்தபோது ஒரு நாள் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். இந்த முறை படியின் உயரத்தை அளந்தேன். 9 அங்குலம். மணியின் தோள் உயரமும் 9 அங்குலம். மனிதக் கணக்கில் சொன்னால், தோளளவு உயரத்திலிருந்து பதினான்கு முறை இறங்குவது. மொட்டை மாடிக்கும் சேர்த்தால் இருபத்தேழு. டேனுக்கு அதே படி முழங்கையைக்கூட எட்டாது.

படிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வட்டு கெடுவது பிறப்பிலேயே எழுதியது. மிதமாகப் படியேறிய டாஷ்ஹண்டுகளில் வட்டுச் சுண்ணாம்பு குறைவாக இருந்தது என்று கண்ட டென்மார்க் ஆய்வும் இருக்கிறது. மூன்று கிலோ கூடுதல் கொழுப்பும் வழுக்கும் ஈரமும் அந்த வாரத்தின் ஓட்டமும் சேர்ந்தே கவிழ்த்தன என்பது என் கணிப்பு. ஆனால் வாங்கும் முன் வீட்டை அளக்கப் போனவள் நான். டேனை விலக்கிய அதே படிக்கட்டு டாஷ்ஹண்டைப் பற்றியும் பேசியது. சின்ன நாய்க்கு வீடு ஒரு பொருட்டல்ல என்று நானே முடிவு கட்டியிருந்ததால் அது காதில் விழவில்லை. படியடியில் ஒரு கிரில் கேட் போட்டிருந்தால் போதும். 2020இல் ஒரு நாள் வெல்டிங் வேலை.

கேட் இப்போது இருக்கிறது. தரையில் கயிற்றுப்பாய் விரித்திருக்கிறார்கள். மணி மாடிக்குப் போவது கூடையில்தான்; நேரமானால் கூடையருகே போய் நின்று குரைக்கிறதாம். திருட்டு அதன்பின் நடக்கவில்லை. அதற்கு மணி காரணமா, சந்து முனையில் வந்த கேமரா காரணமா என்பதில் தந்தைக்கும் ஆயாவுக்கும் கருத்து வேறுபாடு.

மகனுக்கு இப்போது திருமணமாகி மீஞ்சூரில் குடியிருக்கிறான். தரைத்தளம், பின்புறம் கொஞ்சம் மண் தரை. போன மாதம் அழைத்தான். "டாக்டர், டேன் குட்டி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இங்கே படியே இல்லை. வாசற்படி ஒன்றுதான்." மனைவிக்குச் சம்மதமா என்றேன், ஆம் என்றான். பகலில் வீட்டில் யார் என்றேன். யோசித்தான். இரைப்பையைத் தைக்கும் அறுவையைப் பற்றிச் சொன்னேன்; முகம் சுளித்திருப்பான், தொலைபேசியில் தெரியவில்லை. வரும் ஞாயிறு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டேப்பைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். எதை அளக்கப் போகிறேன் என்பது போனால்தான் தெரியும்.